ஆபீஸ் வேலையா மெட்ராஸ் போகணும்: சொந்த பைக்கா, கம்பெனி வண்டியா, ட்ரெயினா?

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டுன்னு நம்ம பக்கம் எந்த கம்பெனிய எடுத்தாலும் வெளியூர் போற வேலைக்கு ஆர்டர் வாயாலதான் வரும். "தம்பி, நாளைக்கு அடையாறு சி.எல்.ஆர்.ஐ (மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்) போய் சாம்பிள் குடுத்துட்டு, அப்படியே பெரியமேட்டுல அந்த பார்ட்டியயும் பாத்துட்டு வந்துடு, பைக்ல போனா பெட்ரோல் போட்டுக்கலாம்" அப்டின்னு சாயங்காலம் கெளம்பற நேரத்துல மேனேஜர் சொல்லுவாரு, நாமளும் "சரிங்க சார்"னு சொல்லிட்டு வந்துடுவோம். வீட்டுக்கு வர்ற வழியிலயே மனசுல கணக்கு ஓடும், பைக்ல போனா எவ்ளோ மிச்சம், ட்ரெயின்ல போனா எவ்ளோ மிச்சம்னு. இந்தக் கணக்கு தப்பில்ல, சம்பளம் அப்படித்தான் இருக்கு. ஆனா இதை மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன். வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அது கம்பெனி வேலைன்னு யார் ஒத்துக்குவாங்க, எந்தக் காகிதத்தை வச்சு ஒத்துக்குவாங்க, காசு எங்கேர்ந்து வரும், இதைத்தான் முதல்ல பாக்கணும். கிலோமீட்டருக்கு எவ்ளோங்கறது அதுக்கப்புறம்.

முதல்ல நம்ம கடமைய சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் உரிமைய மட்டும் பேசிட்டு இங்கதான் மாட்டிக்கறாங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "தேவைப்பட்டால் வெளியூர் செல்ல வேண்டும்"னு ஒரு வரி இருக்கும், பாதி பேர் அதைப் படிச்சே இருக்க மாட்டாங்க. அந்த வரி இருந்து, சொன்ன வேலையும் நியாயமா இருந்தா, போக மாட்டேன்னு சும்மா சொல்ல முடியாது. சட்டப்படியான நியாயமான உத்தரவ வேணும்னே மீறறது ஸ்டாண்டிங் ஆர்டர்படி, அதாவது கம்பெனியோட வேலை விதிப்படி, தப்பு, மெமோ வரும். ஆனா அதுல "நியாயமான"ங்கற வார்த்தை சும்மா போட்டு வைக்கல. உடம்பு சரியில்லாதப்ப, லைசென்ஸ் இல்லாதவன பைக் எடுக்கச் சொல்றப்ப, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சவன தூங்காம வண்டி ஓட்டச் சொல்றப்ப, முடியாதுன்னு சொல்ல உனக்கு இடம் இருக்கு. அப்பவும் முறைச்சுக்கிட்டு நிக்காம "சார், நான் போறேன், ஆனா பைக் வேணாம், ட்ரெயின்ல போறேன்"னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டு வை. நீ வேலைய மறுக்கல, வண்டியத்தான் மாத்திக் கேட்டன்னு அந்த மெசேஜ் காட்டும்.

சரி, பைக். நம்ம ஊர்ல பெரும்பாலும் இதுதான் நடக்குது, அதனால இதையே கொஞ்சம் நீளமா பேசறேன். வேலூர்ல இருந்து மெட்ராஸ் போய் வர 280 கிலோமீட்டர்னு வச்சுக்கோ. லிட்டருக்கு 45 குடுக்கற வண்டின்னா ஆறேகால் லிட்டர் குடிக்கும், லிட்டர் நூத்தி சொச்ச ரூபான்னு பாத்தா 630, 640 ரூபா பெட்ரோல். கம்பெனி கிலோமீட்டருக்கு 4 ரூபா குடுத்தா 1,120 வருது. இருசக்கரத்துக்கு டோல் கிடையாது, அதனால கையில 480 ரூபா நிக்கற மாதிரி தெரியும். ஆனா டயர், செயின், ஆயில், சர்வீஸ் எல்லாம் அதுலதான் போகணும், முதுகுவலி வேற. வாலாஜா தாண்டி பூந்தமல்லி வரைக்கும் ஆறு வழி ரோடு வேலை எவ்ளோ நாளா இழுத்துக்கிட்டு இருக்குன்னு அந்த ரோட்ல போறவனுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் கிட்ட கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ராத்திரி எட்டு மணிக்கு பைக் ஓட்டறதுக்கு அந்த 480 ரூபா ஈடாகாது.

இது கூட பரவால்ல, இன்சூரன்ஸ்லதான் உண்மையான சிக்கல் இருக்கு. உன் பைக் பாலிசி காகிதத்த எடுத்துப் பாரு, வண்டிய எதுக்கெல்லாம் ஓட்டலாம்னு ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு ஓட்டக் கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏத்தக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கும். அதாவது ரெண்டு மூணு தோல் துண்டு, ஒரு ஜோடி ஷூ சாம்பிள் பையில போட்டுட்டுப் போனா பிரச்சினை இல்ல. அதே மேனேஜர் "போற வழிதானே, அந்த நாலு தோல் மூட்டையையும் பின்னாடி கட்டிக்கிட்டு போ"ன்னு சொன்னா அது சரக்கு. அன்னைக்கு விபத்து ஆனா கம்பெனிக்காக சரக்கு ஏத்தினான்னு ஒரு கேள்விய இன்சூரன்ஸ்காரங்க எழுப்புவாங்க, அதுக்கு பதில் சொல்ல மேனேஜர் வர மாட்டாரு, நீதான் நிக்கணும்.

அப்புறம் பின்னாடி ஆள் ஏத்தறது. கூட வேலை செய்யற பையன பின்னால உக்கார வச்சுக்கிட்டு போற. உன் வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் இருக்குன்னா பின்னாடி உக்காந்தவனுக்கு அந்த பாலிசியில காசு வராது, சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருக்கு. முழு பேக்கேஜ் பாலிசி இருந்தாதான் அவனுக்குப் பாதுகாப்பு. ஓட்டறவனுக்கு, அதாவது வண்டி ஓனருக்கு, 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர்னு ஒண்ணு இருக்கு, 2018ல இருந்து இந்தத் தொகை. ஆனா அது ஓனர் ஓட்டினாதான். தம்பி வண்டிய, மச்சான் வண்டிய வாங்கிட்டுப் போய் விழுந்தா அந்த 15 லட்சம் உனக்கு இல்ல. நம்ம வீடுங்கள்ல வண்டி அப்பா பேர்ல இருக்கும், ஓட்டறது பையனா இருப்பான், இது ரொம்ப சாதாரணம், அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

யாரும் மோதாம நீயே மண்ணுல சறுக்கி விழுந்தா எதிர் வண்டி இன்சூரன்ஸ்னு கேக்க ஆளே இல்ல. அந்த ஓனர் கவர விட்டா மிஞ்சறது ரெண்டு வழி. ஈ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருந்தா அது, இல்லன்னா கம்பெனிக்கிட்ட இழப்பீடு.

ஈ.எஸ்.ஐக்கு சம்பள வரம்பு மாசம் 21,000, 2017 ஜனவரில இருந்து. அதுக்குள்ள இருக்கறவங்க வேலை விஷயமா போய் அடிபட்டா, வேலை செய்ய முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் கெடைக்கும். சாதாரண காய்ச்சல் தலைவலி லீவுக்கு 70தான், அந்த வித்தியாசத்தை கவனிக்கணும். உயிரே போயிட்டாலும் குடும்பத்துக்கு மாசா மாசம் பென்ஷன் மாதிரி வரும், ஒரே தடவை குடுத்து கைகழுவறது இல்ல. இதுக்கு இவ்ளோ மாசம் காசு கட்டியிருக்கணும்னு கணக்கும் இல்ல, வேலைக்கு சேந்த முதல் நாள்ல அடிபட்டாலும் உண்டு. ஆனா விபத்தை கம்பெனி உடனே ரிப்போர்ட் பண்ணணும், அதுல "டியூட்டில"ன்னு எழுதணும். அங்க "சொந்த வேலையாக சென்றபோது"ன்னு எழுதிட்டாங்கன்னா நீ வருஷக்கணக்குல அலையணும். வாயால வந்த ஆர்டர் உன்ன மாட்டி விடற எடம் இதுதான்.

21,000க்கு மேல சம்பளம் வாங்கறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ இல்ல, அவங்களுக்கு 1923ல போட்ட தொழிலாளர் இழப்பீட்டு சட்டத்து வழிதான், இப்போ அது சமூகப் பாதுகாப்பு கோடுங்கற புது தொகுப்புச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, 2025 நவம்பர் 21ல இருந்து அமல். அதுல ஒரு கணக்கு இருக்கு: மாச சம்பளத்துல பாதிய எடுத்து வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்குவாங்க, இறந்து போனா அதுதான் இழப்பீடு. 30 வயசுக்கு அந்த எண் 207.98. ஆனா சம்பளம் 35,000 வாங்கினாலும் கணக்குக்கு எடுக்கறது 15,000தான், 2020 ஜனவரியில 8,000த்துல இருந்து ஏத்தினது. அப்போ பாதி 7,500, பெருக்கினா பதினஞ்சரை லட்சத்துக்கு கொஞ்சம் மேல. 35,000 சம்பாதிக்கற குடும்பத்துக்கு இது பத்தாது, அதனால கம்பெனில குரூப் பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்திருக்காங்களான்னு எச்.ஆர்ல ஒரு வாட்டி கேட்டு வச்சுக்கோங்க. கேக்கறதுல ஒண்ணும் தப்பில்ல.

ஹெல்மெட் விஷயமும் இதோட சேந்ததுதான். போலீஸ் போடற ஆயிரம் ரூபா ஃபைன் மட்டும்னு நெனைக்காதீங்க. பாதுகாப்புக்காக கம்பெனி எழுத்துல ஒரு உத்தரவு போட்டிருந்து, நீ அதை வேணும்னே மீறி அடிபட்டா, இழப்பீடு தர மாட்டேன்னு சொல்ல முதலாளிக்கு சட்டம் இடம் குடுக்குது. குடிச்சுட்டு ஓட்டினாலும் அதே கதைதான். உயிர் போனாலோ, நிரந்தரமா முழுசா முடங்கிப் போனாலோ அந்த சாக்கு செல்லாது, ஆனா கால் ஒடிஞ்சு ஆறு மாசம் வீட்ல கிடக்கற கேஸுக்கு செல்லும்.

அதுக்காக பைக்கே வேணாம்னு நான் சொல்லல. ஆற்காடு, வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், இந்த வட்டத்துக்குள்ள நாலு வெண்டர பாக்கணும்னா பைக்க விட்டா வேற வழி கிடையாது, பஸ்ஸுல ஏறி எறங்கி ஒரு நாள் போயிடும். இந்த வேலைக்கு பைக் சரி. பேக்கேஜ் பாலிசி, உன் பேர்ல ஆர்.சி, ஹெல்மெட், கெளம்பறப்ப ஒரு மெசேஜ், இது இருந்தா தைரியமா எடுத்துக்கலாம்.

அடுத்தது கம்பெனி வண்டி. பாக்க இதுதான் எல்லாத்தையும் விட நல்லதுன்னு தோணும், பெரும்பாலும் அப்படித்தான். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிங்களுக்கு காலையில ஊர் ஊரா போய் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு வர்ற பஸ் இருக்கே, அதுல வர்றப்ப அடிபட்டா வேலையில அடிபட்ட மாதிரியேதான்னு பழைய ஈ.எஸ்.ஐ சட்டத்துலயே தனியா எழுதி வச்சிருந்தாங்க, அந்தச் சட்டமும் இப்போ சமூகப் பாதுகாப்பு கோடுக்குள்ள வந்துடுச்சு. கம்பெனி ஏற்பாடு பண்ண வண்டியா இருந்தா போதும், அதுல வந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னாலும் செல்லும். ஆளுக்கு ஆள் வாதாட வேண்டிய வேலையே இல்ல.

ஆனா மெட்ராஸ் ட்ரிப்புக்கு "வண்டி அனுப்பறோம்"னு சொல்றப்ப வாசல்ல வந்து நிக்கறது என்ன வண்டின்னு பாருங்க. மஞ்ச போர்டா (டாக்ஸி, டி போர்டுன்னும் சொல்லுவாங்க), ஓன் போர்டா? தெரிஞ்ச டிரைவரோட வெள்ளை போர்டு காருக்கு ட்ரிப்புக்கு இவ்ளோன்னு பேசி அனுப்பறது நம்ம பக்கம் சர்வ சாதாரணம், கம்பெனிக்கும் கொஞ்சம் கம்மியா முடியும். அந்தக் காரோட பாலிசி சொந்த உபயோகத்துக்கு எடுத்தது, வாடகைக்கு ஓட்டினது தெரிஞ்சா நிபந்தனைய மீறிட்டீங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கப் பாக்கும். மஞ்ச போர்டுன்னா அந்தப் பேச்சுக்கே எடமில்ல. இதை ட்ராவல் டெஸ்க்ல கேட்டா கோச்சுக்குவாங்கன்னு பயப்பட வேணாம், "சார், டி போர்டு வண்டியா அனுப்புங்க"ன்னு சொல்றது ஒரே வரிதான்.

கம்பெனி வண்டில இன்னொரு விஷயம், வழி மாத்தறது. வேலை முடிஞ்சு டிரைவர்கிட்ட "அப்படியே தி.நகர் போயிட்டு போலாம்ணா"ன்னு சொல்லி வீட்டுக்கு ஜவுளி எடுக்கப் போனா, அந்த நேரத்துல நடந்தது வேலையில நடந்ததுன்னு சொல்றது கஷ்டம். திரும்ப நேர் வழிக்கு வந்துட்டா மறுபடியும் டியூட்டிதான்னு வாதாடலாம், ஆனா வாதாட வேண்டி வரும். அக்கா கல்யாணத்துக்குப் பொடவை எடுக்கணும்னா ஞாயித்துக்கிழமை போங்க.

ட்ரெயின். காட்பாடில ஏறறவங்களுக்கு இதுக்கு மேல ஒரு வழி கிடையாதுன்னு நான் நெனைக்கறேன். காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சா ஆபீஸ் நேரத்துக்கு முன்னாடி சென்ட்ரல், பெரியமேடு நடந்தே போயிடலாம், சாயங்காலம் அதே வண்டில திரும்பிடலாம். அன்ரிசர்வ்டு டிக்கெட் நூறு ரூபாக்குள்ள முடிஞ்சுடும். கம்பெனிக்கும் லாபம், உனக்கும் உடம்பு பத்திரம், போற நேரத்துல ஒரு தூக்கம் போடலாம்.

பாதுகாப்புன்னு பாத்தாலும் ட்ரெயின்ல ஒரு பலம் இருக்கு. ஓடற வண்டிலருந்து தவறி விழுந்தா, ஏறறப்ப எறங்கறப்ப கால் வழுக்கினா, ரயில்வே சட்டத்துல 124ஏ பிரிவுப்படி இழப்பீடு உண்டு, உயிர் போனா 8 லட்சம், 2017ல இருந்து இந்தத் தொகை. யார் மேல தப்புன்னு நிரூபிக்கச் சொல்ல மாட்டாங்க, உன் கவனக்குறைவுன்னு தட்டிக் கழிக்கவும் முடியாது, 2018ல சுப்ரீம் கோர்ட் இதை தெளிவாவே சொல்லிடுச்சு. குடிச்சிருந்தா கெடையாது. டிக்கெட்டு பத்திரம், ஏன்னா முறையான பயணிங்கறதுதான் அடிப்படை. மனு ஒரு வருஷத்துக்குள்ள ரயில்வே க்ளெய்ம்ஸ் ட்ரிப்யூனல்ல போடணும். ஐ.ஆர்.சி.டி.சில ரிசர்வ் பண்றப்ப 45 பைசாவுக்கு இன்சூரன்ஸ் வேணுமான்னு கேக்கும், தயவு செஞ்சு "வேணும்"னு போடுங்க, பத்து லட்சம் கவர், கன்ஃபர்ம் ஆன இல்ல ஆர்.ஏ.சி டிக்கெட்டுக்குத்தான். போட்டுட்டு நாமினி பேரையும் நிரப்புங்க, லிங்க் மெயில்ல வரும், யாரும் தொறந்து பாக்கறதில்ல.

அடிக்கடி போறவங்களுக்கு சீசன் டிக்கெட் தோணும். அது 150 கிலோமீட்டர் வரைக்கும்தான். காட்பாடி சென்ட்ரல்ல இருந்து 130 கிலோமீட்டர், அதனால ஆகும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்களுக்கு தூரம் தாண்டிடும், ஆகாது. கம்பெனி சீசனுக்கு காசு குடுக்குதுன்னா ஒண்ணு கேட்டுக்கோங்க, மாசத்துல ரெண்டு தடவைதான் அனுப்பினாங்கன்னா அப்பவும் முழு சீசன் காசும் வருமா, இல்ல ஒவ்வொரு ட்ரிப்புக்கும் டிக்கெட் காசா? இதுல வாய்ப்பேச்சு வேணாம்.

பஸ்ஸ பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ட்ரெயின் தவறினா பஸ். கண்டக்டர் மெஷின்ல அடிச்சுக் குடுக்கற டிக்கெட் இருக்கே, சட்டப்பையில வியர்வை பட்டு ரெண்டே நாள்ல எழுத்து மறைஞ்சு வெள்ளை காகிதமா ஆயிடும். அக்கவுண்ட்ஸ்ல அந்த வெத்துத் துண்டை வவுச்சர்ல பின் பண்ணிக் குடுத்தா "இது இன்னாபா, எழுத்தே இல்ல"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. டிக்கெட் வாங்கின கையோட போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க, தேதியும் நேரமும் அதுலயே வந்துடும், நீங்க அந்த நேரத்துல அந்த வழியில இருந்தீங்கங்கறதுக்கும் அதே சாட்சி.

வீட்ல இருந்து ஆபீஸுக்குப் போற வழியில அடிபட்டா அது வேலையில அடிபட்டதான்னும் நிறைய பேர் கேப்பாங்க. இதுக்குப் பின்னாடி பெரிய கதையே இருக்கு. 1996ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல, ஃபேக்டரிக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துல சைக்கிள்ல வந்தவருக்கு லாரி மோதினது வேலையில நடந்தது இல்லன்னு சொல்லிடுச்சு. அப்புறம் 2010ல ஈ.எஸ்.ஐ சட்டத்துல 51இ-ன்னு ஒரு பிரிவு சேத்து, வீட்டுக்கும் வேலை எடத்துக்கும் நடுவுல நடக்கற விபத்தும் வேலையில நடந்ததாத்தான் எடுத்துக்கணும்னு கொண்டு வந்தாங்க, நேரமும் எடமும் சூழ்நிலையும் வேலையோட பொருந்தணும்ங்கறது நிபந்தனை. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட், சர்க்கரை ஆலைக்கு நைட் டியூட்டிக்கு வர்ற வழியில இறந்து போன ஒரு வாட்ச்மேன் கேஸ்ல, ஈ.எஸ்.ஐ இல்லாதவங்களுக்கான இழப்பீட்டு சட்டத்துலயும் இதே மாதிரிதான் பாக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. புது கோடுலயும் இது இருக்கு. ஆக, காலையில வீட்டுலருந்து நேரா காட்பாடி ஸ்டேஷன் போறப்ப அடிபட்டாலும் பேச வழி இருக்கு, ஆனா "நேரமும் எடமும் பொருந்தணும்"ங்கறத காட்டறது மறுபடியும் அந்த மெசேஜ்தான்.

பொண்ணுங்க போறப்ப இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும். அங்க நான் ட்ரெயின முதல்ல வைக்க மாட்டேன், திரும்பற நேரத்தைத்தான் முதல்ல கேப்பேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல காட்பாடில எறங்கி குடியாத்தமோ அணைக்கட்டோ போகணும்னா அங்க இருந்து வீடு வரைக்கும் வண்டி கம்பெனி பொறுப்புன்னு முன்னாடியே பேசிடணும். 2000த்துலயே மெட்ராஸ் ஹைகோர்ட், ஃபேக்டரில பொண்ணுங்க நைட் ஷிஃப்ட் பாக்கலாம்னு சொன்னப்ப போக்குவரத்து ஏற்பாட்டையும் நிபந்தனையாத்தான் வச்சது. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்பு சட்டத்துல வேலை இடம்னா ஆபீஸ் நாலு சுவரு மட்டும் இல்ல, வேலை விஷயமா போற எந்த எடமும், கம்பெனி குடுத்த வண்டியும் சேத்திதான். கார்ல டிரைவரோ கூட வந்த சீனியரோ அத்து மீறினா "அது ஆபீஸுக்கு வெளிய நடந்தது"ன்னு கம்பெனியோட புகார் கமிட்டி சொல்ல முடியாது. ஒரே கார்ல ஒரே சீனியரோட போகச் சொன்னா, வேற ஏற்பாடு கேக்கறதுக்கு எந்தப் பொண்ணும் காரணம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல.

இதுக்கப்புறம்தான் காசு. மாசம் மாசம் இவ்ளோன்னு கன்வேயன்ஸ் அலவன்ஸா, இல்ல போனதுக்கு பில்லா, ரெண்டுல எது நல்லது? ஃபிக்ஸடா வந்தா நிம்மதியா இருக்கும், போகாத மாசமும் வரும். ஆனா சில கம்பெனிங்க பேசிக்க அடியில அமுக்கி வச்சுட்டு அலவன்ஸ ஏத்திக் காட்டுவாங்க, பி.எஃப் கம்மியா கட்டறதுக்காக. எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கற அலவன்ஸ் உண்மையில சம்பளம்தான், அதுக்கும் பி.எஃப் கட்டணும்னு 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. புது கோடுல இன்னும் நேரா ஒரு கணக்கு வச்சுட்டாங்க, அலவன்ஸ் எல்லாம் சேந்து மொத்தத்துல பாதிய தாண்டினா, தாண்டின பங்கு சம்பளமாவே எடுத்துக்கப்படும். மொத்தம் 22,000, அதுல பேசிக் 9,000, மத்ததெல்லாம் அலவன்ஸ் 13,000னு வை. பாதி 11,000. மீதி 2,000 சம்பளத்தோட சேரும், பி.எஃப், கிராஜுவிட்டி கணக்கெல்லாம் 11,000த்துக்கு. உன் ஸ்லிப்ப எடுத்து இந்தக் கணக்க போட்டுப் பாரு.

வரி விஷயத்துல சுருக்கமா: பழைய மாசம் 1,600 போக்குவரத்து கழிவு 2018லயே போயிடுச்சு, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்ல சேந்துடுச்சு. வேலை விஷயமா டூர் போனதுக்கு உண்மையா செலவான அளவுக்கு வரி இல்ல, அதுக்கு மேல மிஞ்சினது வருமானம். வீட்டுலருந்து ஆபீஸ் போறது டூர் இல்ல.

என் கணக்குப்படி மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை போறவனுக்கு பில்தான் நல்லது, உள்ளூர்ல தெனமும் சுத்தறவனுக்கு ஃபிக்ஸட் நல்லது, அதோட மெட்ராஸ் மாதிரி தூரத்துக்கு தனியா பில் கேக்கணும். ரெண்டையும் சேத்து "அலவன்ஸ்லயே எல்லாம் அடக்கம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, அதுல நஷ்டம் உனக்குத்தான்.

பில்லுல ஏத்திப் போடறது ரொம்பப் பேருக்கு பழக்கமா ஆயிடுச்சு, ஆட்டோ 120 குடுத்துட்டு 250னு எழுதறது. சாப்பாட்டுக்கு சரியா குடுக்கல, அதுல சரி பண்ணிக்கறேன்னு காரணம் சொல்லுவாங்க. வருத்தம் புரியுது, ஆனா பண்ணாதீங்க. பொய் பில் நேர்மையின்மைன்னு சார்ஜ் ஷீட்ல வரும், தொகை சின்னதுன்னு கோர்ட் எப்பவும் இரக்கம் காட்டறதில்ல, கொஞ்சமே கொஞ்சம் டிக்கெட் காசுக்காக வேலை போன பஸ் கண்டக்டர் கேஸெல்லாம் நிறைய இருக்கு. உன்ன வெளிய அனுப்பணும்னு நெனைக்கறவனுக்கு நீயே ஆயுதம் எடுத்துக் குடுக்காத. சாப்பாட்டுக் காசு பத்தலன்னா பத்தலன்னு எழுதிக் கேளு.

போற நேரத்துக்கு ஓ.டி உண்டான்னா, காலையில நாலரைக்கு எழுந்து ராத்திரி பத்துக்கு வீடு சேர்றவனுக்கு நேரா கை காட்ட ஒரு பொது விதி இல்ல, ஃபேக்டரி நேரக் கணக்கு வேலை பாக்கற நேரத்தைத்தான் பேசும். அதனால அடுத்த நாள் அரை நாள் லேட்டா வர்றதுக்கோ, காம்ப் ஆஃபுக்கோ (பதிலுக்கு ஒரு லீவு) முன்னாடியே கேட்டு வாங்கறதுதான் வழி. மெட்ராஸ்ல ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிஞ்சா பைக்ல திரும்பறத விட லாட்ஜுல தங்கறதுக்கே நான் ஓட்டு போடுவேன், கம்பெனி ரூம் காசு தர யோசிச்சா அந்த ரோட்ல அந்த நேரத்துல நடக்கற விபத்த பத்தி மேனேஜர்கிட்ட பேசுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

ஆக, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைல இருந்து ஒரு நாள் மெட்ராஸ் வேலைன்னா ட்ரெயின், அதுக்கு பில். சரக்கு தூக்கணும், ரெண்டு மூணு பேர், இல்ல ராத்திரி ஆகும்னா கம்பெனி ஏற்பாடு பண்ண மஞ்ச போர்டு வண்டி. ஆம்பூர், வாணியம்பாடில இருந்துன்னா வண்டி நேரம் ஒத்து வராத நாள்ல தங்கறதுக்கும் சேத்து கேளு. பைக் முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள மட்டும். எந்த வழின்னாலும் கெளம்பறதுக்கு முன்னாடி ராத்திரியே மேனேஜருக்கு இப்படி ஒண்ணு போடு: "சார், நீங்க சொன்னபடி நாளைக்கு அடையாறுக்கு சாம்பிள் குடுக்கறதுக்கும், பெரியமேடு பார்ட்டிய பாக்கறதுக்கும் காலையில காட்பாடில இருந்து ட்ரெயின்ல போறேன், ராத்திரி திரும்பிடுவேன், செலவு பில் குடுக்கறேன்." அவர் ஓகேன்னோ கட்டை விரலோ போட்டா போதும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்ல ஒருத்தருக்கு அனுப்பிடு, போன் உடைஞ்சு போனாலும் அது நிக்கும்.

பில் குடுத்தும் காசு வரலன்னா, முதல்ல எழுத்துல நினைவூட்டல், தேதியோட. மாசா மாசம் வர்ற கன்வேயன்ஸ் அலவன்ஸ்னா சம்பளத்தோட நேரத்துக்கு வரணும்னு புது ஊதியக் கோடுபடியே கேக்கலாம். டூர் செலவு அந்தக் கணக்குல வராது, ஆனா முதலாளிகிட்ட வர வேண்டிய பணம்ங்கற வகையில கேக்க பழைய தொழில் தகராறு சட்டத்துல 33சி(2)ன்னு ஒரு வழி இருந்தது, இப்போ தொழில் உறவு கோடுலயும் அதே மாதிரி வழி இருக்கு. லேபர் ஆபீஸுக்குப் போறப்ப வவுச்சர் நகல், டிக்கெட் போட்டோ, அந்த வாட்ஸ்அப் மெசேஜ், மூணையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு போங்க. யூனியன் இருந்தா அவங்களயும் கூட்டிக்கிட்டு போங்க, மனு எழுதற முறை அவங்களுக்குத் தெரியும்.